பிக்கார்டைக் கழற்றலாமா? இரண்டு கிட்டார், இரண்டு பதில்

ஒரு தம்பி தன் வீட்டிலுள்ள இரண்டு கிட்டார்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார். முதலாவது, ஆறு வருடத்துக்கு முன் அவரே வாங்கிய ஸ்டீல் கம்பி டிரெட்நாட், அதாவது பெரிய உடல் கொண்ட கிட்டார். ஸ்ப்ரூஸ் என்ற மரத்தில் மேல்பலகை, பளபளப்பான பாலிஷ். கம்பிகளை மீட்டும் சிறு தகடான பிக் பலகையைக் கீறாமலிருக்க அதன் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் தகடுதான் பிக்கார்ட். அதன் கீழ்முனை பசை விட்டு எழும்பி நிற்கிறது. வாரம் முழுக்க விரலால் வாசிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாடகர் குழுவோடு பிக் பிடித்து ஸ்ட்ரம் செய்கிறார். பிக்கார்டை எடுத்துவிட்டால் சத்தம் திறந்துகொள்ளும் என்று நண்பர்கள் சொல்வதால், எடுத்துவிடலாமா என்பது கேள்வி. இரண்டாவது கிட்டார், கப்பலில் வேலை பார்த்த அவருடைய தாய்மாமா 1970-களில் வெளிநாட்டிலிருந்து பழையதாக வாங்கி வந்தது. அதன் பிக்கார்ட் சுருங்கி ஓரம் வளைந்திருக்கிறது. பக்கத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். மாமாவின் நினைவாக அதில் கை வைக்காமல் அப்படியே வைத்திருக்கப்போவதாக எழுதியிருக்கிறார்.

தம்பி, நீங்கள் எடுத்திருக்கும் இரண்டு முடிவையும் இடம் மாற்றிவிடுங்கள். உங்கள் புதிய கிட்டாரில் பிக்கார்ட் இருக்கட்டும். மாமாவின் கிட்டாரில்தான் அதை எடுக்க வேண்டும், அதுவும் தள்ளிப்போடாமல்.

சத்தத்திலிருந்து தொடங்குகிறேன், உங்களை இழுப்பது அதுதான் என்பதால். இன்றைய கிட்டார்களில் ஒட்டி வரும் சாதாரண பிக்கார்ட் அரை மில்லிமீட்டரை ஒட்டிய கனமுள்ள பிளாஸ்டிக். பரப்பு ஏறக்குறைய நூறு சதுர சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் எடை ஏழெட்டு கிராம் வரும். கம்பிகளின் முனையைப் பிடித்திருக்கும் மரத்துண்டான பிரிட்ஜ் மட்டுமே 25, 30 கிராம் இருக்கும். பலகை அதையே அசைத்துத்தான் பாடுகிறது. எடையை விட முக்கியம், அது உட்கார்ந்திருக்கும் இடம். மேல்பலகையின் அடியில் எக்ஸ் வடிவத்தில் இரண்டு சட்டங்கள் ஓடுகின்றன. அவை வெட்டிக்கொள்வது, பலகையிலுள்ள வட்ட ஓட்டையான சவுண்ட் ஹோலுக்கும் பிரிட்ஜுக்கும் இடையில். பிக்கார்ட் அந்தச் சட்டத்தின் ஒரு கையை ஒட்டி, கிட்டாரின் இடுப்புப் பக்கமாகப் படுத்திருக்கிறது. அங்கே பலகை ஏற்கெனவே விறைப்பாக இருக்கும். உண்மையில் மூச்சு விடுவது போல ஏறி இறங்கும் பகுதி பிரிட்ஜும் அதற்குப் பின்னால் இருக்கும் அகன்ற வயிறும்தான். கம்பிகளைக் கையால் அடக்கிக்கொண்டு விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள். பிரிட்ஜுக்குப் பின்னால் ஆழமாகத் தொம்மென்று கேட்கும். பிக்கார்ட் பக்கம் வந்தால் சத்தம் குறுகி டக்கென்று நின்றுவிடும். பிக்கார்ட் இல்லாத கிட்டாரிலும் இதே போலத்தான் கேட்கும்.

ஆகவே கழற்றினால் ஒன்றுமே மாறாது என்று நான் சொல்லவில்லை. பலகையில் எதை ஒட்டினாலும் ஏதோ ஒரு அளவு மாறும். அது நம் காதில் விழுகிற அளவா என்பதுதான் விஷயம். கிப்சன் என்ற அமெரிக்க நிறுவனம் 1960-ல் கொண்டுவந்த ஹம்மிங்பேர்ட், 1962-ல் வந்த டவ் போன்றவற்றில் படம் செதுக்கிய பெரிய பிக்கார்ட் இருக்கும். அதே 1962-ல் எவர்லி சகோதரர்கள் என்ற அமெரிக்கப் பாடகர்களுக்காகச் செய்த மாடலில் சவுண்ட் ஹோலின் இரண்டு பக்கமும் அகலமான பிக்கார்ட். பலகையின் பெரும்பகுதி கறுப்பாக மூடியிருக்கும். அப்படிப்பட்ட கிட்டாரில் வித்தியாசம் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். உங்களுடையது அந்த வகை இல்லை.

உங்கள் நண்பர்கள் பொய் சொல்கிறார்கள் என்றும் நான் நினைக்கவில்லை. பிக்கார்டைக் கழற்றுகிறவர் முதலில் கம்பிகளைத் தளர்த்துகிறார், வேலை முடிந்ததும் புதுக் கம்பி போடுகிறார். மூன்று மாத வியர்வை ஏறிய கம்பி போய்ப் புதிய வெண்கலக் கம்பி வந்தால் எந்தக் கிட்டாரும் திறந்துகொண்டதாகத்தான் தோன்றும். எடுத்ததற்கும் மாட்டியதற்கும் நடுவில் ஒரு மணி நேரமோ ஒரு நாளோ போயிருக்கும். காது அத்தனை நேரம் ஒரு தொனியைத் துல்லியமாக நினைவில் வைத்திருக்காது. சத்தம் தெளிவாக வேண்டுமென்றால் முதலில் கம்பி மாற்றுங்கள். அடுத்து பிக்கின் கனத்தை மாற்றிப் பாருங்கள்: 0.6 மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குப் போனாலே கிட்டார் வேறு குரலில் பேசும்.

முடிவு செய்ய வேண்டியது உங்கள் வலது கை. பிக்கார்டைத் துணியால் துடைத்துவிட்டு, அறை விளக்கை அணைத்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பாருங்கள். வில் போல வளைந்த கீறல்கள் கொத்தாகத் தெரிந்தால் அவை உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள். ஆறு வருடம் அந்தக் கீறல்களை பிளாஸ்டிக் வாங்கிக்கொண்டது. நாளை அது இல்லாவிட்டால் பாலிஷ் வாங்கிக்கொள்ளும், பாலிஷ் முடிந்ததும் மரம். ஸ்ப்ரூஸ் மென்மரம், நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும். அந்த இடத்தில் பலகையின் கனம் மூன்று மில்லிமீட்டர் கூட இருக்காது.

இது எதுவரை போகும் என்பதற்கு உலகமறிந்த சாட்சி, அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் ‘ட்ரிகர்’. 1969-ல் அவர் வாங்கிய, மார்ட்டின் நிறுவனத்தின் என்-20 மாடல் அது. நைலான் கம்பி கிட்டார். விரலால் வாசிக்கச் செய்யப்படும் அந்த வகையில் பிக்கார்ட் வைப்பதில்லை. அவர் அதைப் பிக்கால் வாசித்தார், பல பத்தாண்டுகள் வாசித்தார். சவுண்ட் ஹோலுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் பலகையே தேய்ந்து இன்னொரு ஓட்டை விழுந்திருக்கிறது. அந்தக் கிட்டாரை நான் நேசிக்கிறேன். அது இன்றும் பாடுவதற்குக் காரணம் தொடர்ந்து நடந்துவரும் பராமரிப்பு. உங்களுக்கும் எனக்கும் அது கிடைக்காது.

வாரத்தில் ஆறு நாள் விரலால்தானே வாசிக்கிறேன் என்று கேட்பீர்கள். தேய்மானத்துக்கு நாள் கணக்கு கிடையாது, விசைதான் கணக்கு. விரலால் ஒரு வாரம் வாசித்ததை விட, டிசம்பரில் ஒரே ஒரு கேரல் ரவுண்ட்ஸ் இரவு பலகையை அதிகம் தின்னும். வீடு வீடாகப் போய், மைக் இல்லாமல், இருபது பேர் பாடுகிற குரலுக்கு மேலே கேட்க வேண்டும் என்று அடிக்கிறீர்கள். கை களைத்த பிறகு பிக் கடைசிக் கம்பியைத் தாண்டிப் பலகையில் போய் மோதும். கீழ்நோக்கிய அடி முடிகிற இடம் அதுதான், பிக்கார்டை அங்கே வைத்ததற்கும் அதுவே காரணம். இப்படிப்பட்ட ஒரு பாடகர் குழு கிட்டார் என்னிடம் வந்தது. அழகுக்காகப் பிக்கார்டை எடுத்திருந்தார்கள். மேலே இருந்தது மெல்லிய மேட் பாலிஷ். ஒரு கிறிஸ்துமஸ் தாண்டி அது வந்தபோது, நார் வெளியே தெரியும் அளவுக்கு விரலகலத்துக்குத் தேய்ந்திருந்தது. வியர்வை அதில் இறங்கிச் சாம்பல் நிறமாகியிருந்தது. தேய்த்து எடுத்தால் பலகை மெலியும் என்பதால் அந்தக் கறையை அப்படியே வைத்து மேலே பூசிக் கொடுத்தேன்.

பிக்கே தொடாதவர்களுக்கு என் பதில் வேறு. கிளாசிக்கல் கிட்டாரில் பிக்கார்ட் இல்லாததற்குக் காரணம் அங்கே அதற்கு வேலை இல்லை என்பதே. வட அயர்லாந்தின் லோடன் போல, விரல் வாசிப்பை மனதில் வைத்து ஸ்டீல் கம்பி கிட்டார் செய்பவர்கள் பிக்கார்ட் இல்லாமலேதான் அனுப்புகிறார்கள். வெறும் பலகையின் அழகு பெரிய அழகு; அதை விரும்புவதில் தவறில்லை. ஆனால் விரலால் வாசிப்பவர்களிலும் பலகையைத் தட்டித் தாளம் போடுகிறவர்களும் நகம் வளர்த்தவர்களும் யோசிக்க வேண்டும். ஃபிளமெங்கோ கிட்டாரும் நைலான் கம்பிதான். அதில் விரலால் தட்டும் அடிகள் இசையின் ஒரு பகுதி என்பதால் ‘கோல்பெயதோர்’ என்று ஒரு மெல்லிய தகட்டை, பெரும்பாலும் நிறமற்றதை, ஒட்டிவிடுகிறார்கள். வலது கைக் கிட்டாரை மாற்றிக் கம்பி கட்டி வாசிக்கும் இடது கைக்காரர்களுக்கோ பிக்கார்ட் தப்பான பக்கத்தில் நிற்கும். அவர்கள் அதை எடுப்பதில் அர்த்தம் உண்டு.

இன்னொன்றையும் எடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்ப்ரூஸ் வெளிச்சம் பட்டுப் பட்டு வெளுப்பிலிருந்து தேன் நிறத்துக்குப் போகும் மரம். ஆறு வருடம் மூடியிருந்த இடம் வாங்கிய அன்றைய நிறத்திலேயே இருக்கும். கடிகாரம் கட்டிய மணிக்கட்டைப் போல, பிக்கார்டின் வடிவம் அப்படியே பலகையில் தெரியும். மங்க வருடங்கள் ஆகும், முழுதாக மறையும் என்று உறுதி சொல்ல முடியாது. சீக்கிரம் மங்கட்டும் என்று மொட்டை மாடி வெயிலில் வைத்துவிடாதீர்கள். நம் ஊர் மே மாத வெயிலில் பிரிட்ஜை பிடித்திருக்கும் பசையே இளகத் தொடங்கும்.

இனி எழும்பி நிற்கும் முனை. அங்கே அழுக்கு சேரும், சட்டை மாட்டி இன்னும் கிழிக்கும். அதனால் விட்டுவைக்கக் கூடாது. அதற்காக சூப்பர் க்ளூ சொட்டு விடவும் கூடாது. அது பாலிஷைக் கடிக்கும், அடுத்த முறை எடுக்கும்போது பாலிஷையும் சேர்த்துப் பெயர்க்கும். முழுதாக எடுத்து மறுபடி ஒட்டுவதுதான் சரி. கம்பிகளைத் தளர்த்துங்கள். ஹேர் டிரையரை மிதமான சூட்டில், ஒரு சாண் தள்ளி, நகர்த்திக்கொண்டே காட்டுங்கள். தொட்டால் கை பொறுக்கிற சூடு போதும், அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் சட்டங்களின் பசைக்கு ஆபத்து. எழும்பிய முனையிலிருந்து பழைய ஏ.டி.எம். கார்டை மெதுவாக நுழைத்து, மரத்தின் நார் ஓடும் திசையிலேயே, பிளாஸ்டிக்கைப் பலகையோடு படுக்கவைத்த மாதிரி பின்னோக்கி உரியுங்கள். செங்குத்தாகத் தூக்கக் கூடாது. நடுவில் பிடித்துக்கொண்டால் தூண்டில் நரம்பை அடியில் விட்டு அறுப்பது போல இழுக்கலாம். கத்தி வேண்டாம். பத்தொன்பது வயதில் நான் சமையலறைக் கத்தியால் ஒன்றை நெம்பி, ஒரு சாண் நீளத்துக்குச் சிம்பு கிளப்பினேன். அந்தப் பலகையின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பலகையில் ஒட்டியிருக்கும் பசை மிச்சத்தைக் கட்டை விரலால் உருட்டி உருட்டி எடுத்தாலே பெரும்பகுதி வந்துவிடும். மீதிக்கு, மெல்லிய துணியில் சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் நாஃப்தா ஆயில் கொஞ்சம் தொட்டுத் துடையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் பக்கத்திலேயே வரக் கூடாது, பாலிஷ் கரைந்துவிடும். பிளாஸ்டிக் வளைந்திருந்தால் மிதமாகச் சூடாக்கி, தட்டையான இரண்டு பலகைக்கு நடுவில் கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு இரவு விடுங்கள். கிட்டார் வேலைக்குப் பலரும் நம்புவது 3எம்-மின் 467 என்ற மெல்லிய இருபக்கப் பசைப் படலம். நுரை வைத்த இருபக்க டேப் வேண்டாம். அது பிக்கார்டைத் தூக்கி நிறுத்தும், மறுபடி ஓரம் கிளம்பும். ஒட்டும்போது ஒரு ஓரத்திலிருந்து தொடங்கிக் காற்று சிக்காமல் துணியால் தேய்த்துக்கொண்டே போங்கள். ஒரு தடவை பட்டால் நகர்த்த முடியாது. அதனால் முதலில் வெளுத்த தடத்தோடு பொருத்தி, மூலைகளில் மாஸ்கிங் டேப்பால் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

மரம் முழுதாகத் தெரிய வேண்டும் என்ற ஆசைதான் உள்ளே இருக்கிறது என்றால், பழையதற்குப் பதிலாக அதே வடிவத்தில் நிறமற்ற பிக்கார்டை ஒட்டலாம். பலகை பாதுகாப்பாகவும் இருக்கும், மூடிய இடமும் மெல்ல நிறம் பிடிக்கும். உங்கள் கிட்டாரின் பாலிஷ் இன்று பெரும்பாலான கிட்டார்களில் இருக்கும் பாலி வகை (பாலியூரித்தேன், பாலியெஸ்டர்) என்றால் சிக்கல் இல்லை. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்ற பழைய வகைப் பாலிஷ் பூசிய கிட்டாராக இருந்தால் மட்டும் பசையில்லாமல் ஒட்டிக்கொள்ளும் வினைல் படலங்களைத் தொடாதீர்கள். வினைலை மிருதுவாக்கச் சேர்க்கும் பொருள் கசிந்து லாக்கரை இளக்கிவிடும். சில கிட்டார் ஸ்டாண்டுகளின் ரப்பர் கழுத்தில் தழும்பு போடுவதும் இதே காரணத்தால்தான்.

மாமாவின் கிட்டாருக்கு வருகிறேன். எனக்குக் கவலை அதைப் பற்றித்தான்.

பழைய பிக்கார்டுகளில் வரும், பழுப்பும் தேனுமாகக் கலந்த அந்தப் புள்ளிப் புள்ளி நிறம் ஆமை ஓட்டைப் பார்த்துச் செய்தது. அந்த ஓடு அழுங்காமையுடையது. நம் மன்னார் வளைகுடாவிலும் வாழும் ஆமை. ஓடு அரிதாகவும் விலையாகவும் இருந்ததால் செல்லுலாய்டில் அதே தோற்றத்தைச் செய்தார்கள். செல்லுலாய்ட் என்பது நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்தது. பழைய சினிமாப் படச்சுருளும் இதன் உறவுதான். நம்முடைய ஆரம்பகாலப் படங்கள் பல அழிந்துபோனதற்கும், 2003-ல் புனேயில் பழைய சுருள்கள் வைத்திருந்த அறை எரிந்ததற்கும் காரணமான அதே பொருள். அது வருடக்கணக்கில் தன்னிலிருக்கும் கற்பூரத்தை இழந்துகொண்டே வரும். இழக்க இழக்கச் சுருங்கும்.

சுருங்குவது தனியாகச் சுருங்கினால் நமக்குக் கவலை இல்லை. மார்ட்டின் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1929-ல் அவர்களுடைய ஓஎம்-28 மாடல் வந்த காலத்தில் பிக்கார்ட் வைக்க ஆரம்பித்தார்கள். பல பத்தாண்டுகள் அதைப் பாலிஷ் பூசுவதற்கு முன்பே வெறும் மரத்தில் ஒட்டி, அதற்கு மேல் லாக்கர் அடித்தார்கள். பார்க்க ஒரே பரப்பாக, அழகாக இருக்கும். ஆனால் பிளாஸ்டிக் சுருங்கும்போது மரத்தையும் பிடித்து இழுக்கிறது. ஸ்ப்ரூஸ் நாரின் குறுக்கே இழுத்தால் தாங்காது; பிக்கார்டின் ஓரத்தில், பிரிட்ஜிலிருந்து சவுண்ட் ஹோலை நோக்கி, நார் வழியே பிளந்துகொள்ளும். பழைய மார்ட்டின்களில் இது அத்தனை சாதாரணம் என்பதால் பழுதுபார்ப்பவர்கள் இதற்கு ‘மார்ட்டின் விரிசல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1966 வாக்கில் ஆமை ஓட்டு நிறத்தை விட்டுக் கறுப்பு பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள், அதுவும் சுருங்கத்தான் செய்தது. 1980-களின் நடுவில்தான் பாலிஷ் அடித்து முடித்து, அதற்கு மேல் பசைப் படலத்தால் ஒட்டும் முறைக்கு வந்தார்கள். வெறும் மரத்தில் ஒட்டிய வேறு பல பழைய கிட்டார்களுக்கும் இதே கதைதான்.

உங்கள் மாமாவின் கிட்டார் எந்தத் தயாரிப்பு என்று நீங்கள் எழுதவில்லை, அது அவசியமும் இல்லை. சுருங்கிய பிக்கார்ட், அதன் ஓரத்தை ஒட்டி விரிசல்: இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் இழுப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நீங்கள் தொடாமல் வைத்திருக்கலாம், பிளாஸ்டிக் சும்மா இருக்காது. பெட்டியை ரொம்ப நாள் கழித்துத் திறக்கும்போது கற்பூரமோ, மூக்கைக் காந்தும் புளிப்போ வீசுகிறதா, பிக்கார்டை ஒட்டிப் போகும் பகுதியில் மட்டும் கம்பிகள் சீக்கிரம் கறுக்கின்றனவா என்று பாருங்கள். செல்லுலாய்ட் சிதையும்போது அமில ஆவியை விடும், உலோகத்தை அரிக்கும். அப்படி இருந்தால் மூடிய பெட்டிக்குள் வைப்பது இன்னும் மோசம். சிலர் சொல்வது போல ஊசியைக் காய்ச்சித் தொட்டுப் பார்க்கும் சோதனையை மட்டும் செய்துவிடாதீர்கள். அது சட்டென்று பற்றிக்கொள்ளும் பொருள்.

இதை நீங்களே கழற்றவும் வேண்டாம். மேலே நான் சொன்ன ஹேர் டிரையர் முறை பாலிஷுக்கு மேல் ஒட்டியதற்கானது. வெறும் மரத்தில் ஒட்டியதை அப்படி உரித்தால் ஸ்ப்ரூஸ் நார் கொத்துக் கொத்தாகக் கூடவே வரும். பழைய கிட்டார்களில் அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: எடுத்த பிறகு அடியிலுள்ள வெறும் மரத்துக்கு லாக்கர் பூசுவீர்களா, விரிசலை ஒட்டி உள்பக்கம் சிறிய ஸ்ப்ரூஸ் துண்டுகள் வைத்துப் பிடிப்பீர்களா, பிக்கார்டைத் திரும்ப ஒட்டும்போது இருபக்கப் பசைப் படலம்தானே போடுவீர்கள்? மூன்றுக்கும் தயங்காமல் ஆம் சொன்னால் நம்பலாம். விரிசலில் பசையை ஊற்றி அடைத்துத் தருகிறேன் என்று சொன்னால் கிட்டாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். விரிசலுக்குள் நீங்களும் எதையும் விடாதீர்கள். சுத்தமான விரிசல் ஒட்டிய பின் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். தப்பான பசை இறங்கிய விரிசல் அப்படிச் சேராது. அதுவரை கம்பிகளை இரண்டு சுற்றுத் தளர்த்தி வையுங்கள். ஏ.சி. ஓடும் அறையில் வைக்காதீர்கள். காற்று காய்ந்தால் விரிசல் விரியும். ஈரப்பதம் நூற்றுக்கு 45-லிருந்து 55 வரை இருந்தால் நல்லது.

மாமாவின் பிக்கார்டை அவர் கை பட்ட கீறல்களுக்காக வைத்திருக்க ஆசைப்படுவீர்கள். சுருங்கி மட்டும்தான் இருக்கிறது, புளிப்பு வாடை இல்லை, பிசுபிசுப்பும் நொறுங்கலும் இல்லை என்றால், அதையே தட்டையாக்கித் திரும்ப ஒட்டலாம். ஓரத்தில் கொஞ்சம் வெளுத்த மரம் தெரியும், அவ்வளவுதான். சிதையத் தொடங்கியிருந்தால் அந்தப் பெட்டியில் அதற்கு இடமில்லை. காகித உறையில் போட்டு, காற்றாடும் இடத்தில், மற்ற பொருள்களிலிருந்தும் அடுப்பிலிருந்தும் தள்ளி வையுங்கள். கிட்டாருக்கு அதே நிறத்தில் புதிதாக ஒன்று வெட்டச் சொல்லுங்கள், இந்த முறை செல்லுலாய்ட் வேண்டாம் என்று சொல்லியே வெட்டச் சொல்லுங்கள்.